இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறான்?

மலிவாக வாங்கி லாபத்துக்கு விற்பதுதான் வியாபாரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சென்னை மண்ணடியிலும், பர்மா பஜாரிலும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிகளிலும், நம்முடைய ஊர்க் கடைத்தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் செய்து வருவது இதைத்தான். வட்டியின் வாசலை அடைத்த இறைவன் வியாபாரத்தின் வாசலை நமக்குத் திறந்தே வைத்திருக்கிறான்.

ஆனால் இன்று நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர், நம் தந்தையர் கேள்விப்பட்டிராத ஒரு சந்தைக்குள் நுழைந்திருக்கிறார்கள். அங்கே துணி இல்லை, தோல் இல்லை, அரிசி மூட்டை இல்லை. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும் விளையாட்டுகளுக்குள் கிடைக்கும் உடை, துப்பாக்கியின் வண்ணப்பூச்சு, நாணயம், வைரம், முழுக் கணக்கு ஆகியவைதான் அங்கே சரக்கு. ஒருவனிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள்; இன்னொருவனிடம் நல்ல விலைக்குத் தள்ளுகிறார்கள். கையில் காசு புரள்கிறது.

இது ஹலாலா, ஹராமா? பெரியவர்களைக் கேட்டால், "காற்றை விற்கிறான், எல்லாம் ஏமாற்று வேலை" என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். இளைஞர்களைக் கேட்டால், "அவன் சம்மதித்து விற்றான், நான் சம்மதித்து வாங்கினேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். இரண்டு பதிலும் அவசரப் பதில்களே. இதற்கிடையில் கேட்கப்படாமலேயே போகும் கேள்வி ஒன்று உண்டு. அதைத்தான் இங்கே கேட்க விரும்புகிறோம்: அவன் ஏன் இவ்வளவு மலிவாக விற்கிறான்?

என்ன சரக்கு இது?

விவரம் தெரியாத வியாபாரப் பெருமக்களுக்காகச் சற்று விளக்குவோம். 'கவுன்டர் ஸ்டிரைக்' என்ற துப்பாக்கி விளையாட்டை அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்துகிறது. 2013 ஆகஸ்டில் அந்த நிறுவனம், ஆட்டக்காரர்களின் ஆயுதங்களுக்கு 'ஸ்கின்' என்ற வண்ணப்பூச்சுகளை அறிமுகப்படுத்தியது. இந்தப் பூச்சினால் துப்பாக்கி கூடுதலாகச் சுடாது. ஆட்டத்தில் வெற்றியும் கிடைக்காது. வெறும் அழகுதான். ஆனால் அரிதான பூச்சு என்றால் கிராக்கி, கிராக்கி வந்தால் விலை என்று போய், ஒரு கத்தியின் பூச்சு பல ஆயிரம் டாலருக்குக் கைமாறும் நிலை உருவானது.

இந்த நிறுவனம் தானே ஒரு சந்தையையும் நடத்துகிறது. அங்கே விற்றால் விலையோடு 15 சதவீதம் கட்டணம் சேரும். கிடைக்கும் தொகை நிறுவனத்தின் கணக்கிலேயே கிடக்கும். ரொக்கமாக வெளியே எடுக்க முடியாது. எனவே ரொக்கம் வேண்டுவோர் வெளிச்சந்தைக்குப் போகிறார்கள். அங்கேதான் தரகர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் மலிவு விலையும் இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம் புழங்குவது பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற செல்போன் விளையாட்டுகள். பணம் கட்டி 'யூசி', 'டைமண்ட்' வாங்கி, அதைக் கொண்டு உடையும் ஆயுதப் பூச்சும் வாங்குகிறார்கள். பிறகு அத்தனையும் சேர்ந்த கணக்கையே 'ஐடி விற்பனைக்கு' என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் போடுகிறார்கள். வாங்கி விற்கும் இடைத்தரகர்களில் பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள்.

காற்றை விற்பதா?

கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது. அதனாலேயே இதை விற்கக் கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்ற கைக்கு அகப்படாத உரிமைகளுக்கும் இக்காலத்தில் பொருள் மதிப்பு உண்டு என்றும், மார்க்கம் அவற்றைப் பாதுகாக்கிறது என்றும் முடிவு செய்தது. விளையாட்டுப் பொருளும் அதே வகையில் சேருமா என்பதில் ஆலிம்கள் பேச இடமுண்டு. ஆயினும் 'கையில் பிடிக்க முடியாது' என்ற ஒரே காரணத்தால் கதவைச் சாத்திவிட முடியாது என்பது தெளிவு.

லாபம் அதிகம் என்பதும் குற்றமல்ல. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாரில் இரண்டு ஆடுகள் வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார். நபி (ஸல்) அவர்கள் கோபித்துக் கொள்ளவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யுமாறு துஆச் செய்தார்கள். அதன் பின் அவர் மண்ணை வாங்கி விற்றாலும் லாபம் கண்டார் என்று சொல்லும் அளவுக்கு வளம் பெற்றதாக புகாரியில் காண்கிறோம்.

எனவே இளைஞர்களே, உங்கள் லாபத்தின் மீது நமக்குப் பொறாமை இல்லை. லாபம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு பொருள் அதன் சந்தை விலையை விடப் பாதிக்கும் கீழே கிடைக்கிறது என்றால் அதற்கு ஏதேனும் காரணம் இருந்தே தீரும். விற்பவனுக்கு ஆட்டம் அலுத்துப் போயிருக்கலாம். பணத் தேவை இருக்கலாம். விலை தெரிந்தே குறைத்து விற்கலாம். அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வேறு மூன்று காரணங்களும் உள்ளன. விற்பவனுக்கு விலை தெரியாமல் இருக்கலாம். பொருள் அவனுடையதாக இல்லாமல் இருக்கலாம். பொருள் பிறந்த இடமே சூதாட்டமாக இருக்கலாம்.

வழிமறித்து வாங்கியவர்கள்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் வெளியூர்களிலிருந்து சரக்கு ஏற்றிய ஒட்டகங்கள் மதீனாவுக்கு வரும். நகரத்து வியாபாரிகள் சிலர் சந்தை கூடும் வரை காத்திருக்காமல், ஊருக்கு வெளியே போய் வழிமறித்துச் சரக்கை வாங்கி விடுவார்கள். வந்தவனுக்கு நகரத்து நிலவரம் தெரியாது. கேட்ட விலைக்குக் கொடுத்து விடுவான். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படி விற்றவன் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்தபின், வியாபாரத்தை ரத்து செய்யும் உரிமை அவனுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார்கள். (நூல்: முஸ்லிம்)

இதைச் சற்று ஆழ்ந்து சிந்தியுங்கள். அங்கே விற்றவனும் சம்மதித்துத்தான் விற்றான். யாரும் அவன் கையைப் பிடித்து முறுக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அப்படியிருந்தும் மார்க்கம் அந்த வியாபாரத்தைக் கண்டிக்கிறது. ஏன்? நிலவரம் தெரிந்தவன், தெரியாதவனின் அறியாமையையே தன் முதலாக்கிக் கொண்டான். 'அவன்தான் சம்மதித்தானே' என்று இன்றைய இளைஞன் சொல்லும் வாதத்துக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டு விட்டது!

இன்றைய டெலிகிராம் குழுவில், "அண்ணா, இந்த ஐடிக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டு வருகிறானே ஒரு பதினான்கு வயதுச் சிறுவன், அவன்தான் அந்த ஒட்டகக்காரன். தன்னிடம் இருப்பது அரிதான பொருள் என்பது அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். "இதெல்லாம் பழைய ஐட்டம் தம்பி, ஐநூறு தருகிறேன்" என்கிறாய். மறுநாள் அதையே ஐயாயிரத்துக்கு விற்கிறாய். ஒட்டகக்காரனை மறித்தவர்களாவது பொய் சொல்லவில்லை. நீ பொய்யையும் சேர்த்துக் கொண்டாய்!

அந்தச் சிறுவன் அந்த விளையாட்டில் போட்ட பணம் யாருடையது? வளைகுடா வெயிலில் நின்று ஒரு தந்தை அனுப்பிய பணமாக இருக்கலாம். வீட்டுச் செலவுக்கு என்று உம்மாவின் கணக்கில் இருந்த பணமாக இருக்கலாம். பக்குவம் வராத அனாதைகளிடம் அவர்களின் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம், அவர்களைச் சோதித்து விவேகம் கண்ட பிறகே ஒப்படையுங்கள் என்பது திருமறையின் நான்காவது அத்தியாயம் தரும் கட்டளை. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி அற்றவர். அவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தது. மார்க்கமும் சட்டமும் விற்கத் தகுதியில்லை என்று சொல்லும் ஒருவனிடம் வாங்கிய பொருளில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

ஜரீர் (ரலி) வாங்கிய குதிரை

பெரியவர்களிடம் வாங்கும்போதும் நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி கொடுத்தவர். அவருடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்துவிட்டு, பணம் வாங்க உரிமையாளரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது முந்நூறுக்கு மேல் பெறுமே, நானூறுக்குத் தருகிறீரா என்றார். பிறகு தாமே ஐந்நூறு என்றார், அறுநூறு என்றார். கடைசியில் 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார். (நூல்: தப்ரானீ)

வாங்குகிறவனே விலையை ஏற்றிக் கொடுத்த வியாபாரம்! எல்லோரும் இப்படித்தான் வாங்க வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. பேரம் பேசுவது ஆகுமானதே. விலை தெரிந்தவனும் விலை தெரிந்தவனும் பேசி முடிப்பதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் விலை தெரியாதவன் எதிரே நிற்கும்போது ஜரீர் (ரலி) அவர்களின் நினைவு வராத நெஞ்சு, நலம் நாடும் நெஞ்சல்ல.

யாருடைய பொருள்?

பழைய செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இது நன்றாகப் புரியும். இருபதாயிரம் பெறும் போனை ஒருவன் மூவாயிரத்துக்கு நீட்டினால் என்ன செய்வீர்கள்? பில் எங்கே, பெட்டி எங்கே என்று கேட்பீர்கள். அடையாள அட்டை நகல் வாங்குவீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் இருக்கும் இந்த எச்சரிக்கை, விளையாட்டுச் சந்தைக்குள் போனதும் எங்கே காணாமல் போகிறது?

இந்தச் சந்தையில் திருட்டு நடப்பது கற்பனையல்ல. பெட்டிகளைத் திறக்கும் 'கீ'யை ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக் கொள்ள வால்வ் நிறுவனம் முதலில் அனுமதித்திருந்தது. 2019 அக்டோபரில், புதிதாக வாங்கும் 'கீ'களுக்கு அந்த அனுமதியை நிறுத்தியது. உலகெங்கும் மோசடிக் கும்பல்கள் தங்கள் பணத்தை வெள்ளையாக்க இவற்றைப் பயன்படுத்துகின்றன என்றும், வாங்கிக் கைமாறும் 'கீ'களில் ஏறக்குறைய எல்லாமே மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று தாங்கள் நம்புவதாகவும் அந்த நிறுவனமே அறிவித்தது. சந்தை நடத்துபவனே கொடுத்த வாக்குமூலம் இது!

திருடிய கார்டில் வாங்கிய சரக்கு, கடவுச்சொல்லைப் பறித்துக் கைப்பற்றிய கணக்கு ஆகியவைதான் அவசரமாக, அடிமாட்டு விலைக்கு, 'இப்போதே பணம் போடு' என்ற நிபந்தனையோடு வருகின்றன. வாங்கியவன் மகிழ்கிறான். பறிகொடுத்தவன் எங்கோ அழுகிறான்.

இதில் நம் சமுதாய இளைஞர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோசடிப் பணம் யுபிஐ மூலம் யார் யார் கணக்குக்குப் போனதோ, அந்தக் கணக்குகளை எல்லாம் சைபர் கிரைம் போலீசார் முடக்குகிறார்கள். "நான் விளையாட்டு ஐடி விற்றேன், அதற்கு வந்த பணம்" என்று நீ சொல்லலாம். ரசீது எங்கே? விற்றவன் பெயர் என்ன? வாங்கியவன் முகவரி என்ன? டெலிகிராமில் இருந்த புனைபெயரைத் தவிர உன்னிடம் ஒன்றும் இல்லை. பெயரைப் பார்த்தே சந்தேகத்தை வளர்க்கிறவர்கள் நிறைந்த காலத்தில், சில ஆயிரம் ரூபாய் லாபத்துக்காகக் கணக்கு வழக்கு காட்ட முடியாத பணத்தில் கை வைப்பது அறிவுடைமையா? குடும்பத்தையும் ஜமாஅத்தையும் காவல் நிலைய வாசலில் நிறுத்தும் காரியம் அல்லவா இது?

பெட்டிக்குள் இருப்பது என்ன?

அடுத்தது சூதாட்டம். கவுன்டர் ஸ்டிரைக்கின் அரிதான பொருட்கள் பெரும்பாலும் மூடிய பெட்டியிலிருந்து வருபவை. பெட்டியைத் திறக்க 'கீ' வேண்டும். ஒரு 'கீ'யின் விலை 2.49 டாலர். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்கும் வரை தெரியாது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற சீன அரசின் விதியால், அங்கே இந்த விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2017இல் அதை வெளியிட்டது. நூறு பெட்டி திறந்தால் ஏறக்குறைய எண்பதில் கடைசித் தரம்தான் வரும். எல்லோரும் ஆசைப்படும் கத்தி அல்லது கையுறை வரும் வாய்ப்பு 0.26 சதவீதம். அதாவது நானூறு பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கு! பெயர்தான் விளையாட்டு, உள்ளே ஓடுவது லாட்டரி. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசு கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது. மது, சூது ஆகியவற்றை ஷைத்தானின் அசுத்தச் செயல் என்று சொல்லி விலகி நிற்கச் சொல்லும் வேதத்தை உடையவர்கள், பெல்ஜியம் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரிந்த பொருளைத் தெரிந்த விலைக்கு வாங்குபவன் சூதாடவில்லை. ஆனால் திறக்காத பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கிப் பதுக்கி, விலை ஏறியதும் விற்கிறானே, அவன் விற்பது என்ன? சூதாடுபவனுக்குச் சூதாட்டக் கருவியை விற்கிறான். மது விஷயத்தில் குடிப்பவனை மட்டுமல்ல, பிழிபவனையும் சுமப்பவனையும் விற்பவனையும் அதன் கிரயத்தை உண்பவனையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். 'நான் பெட்டியைத் திறப்பதில்லை, விற்பதோடு சரி' என்பது, 'நான் குடிப்பதில்லை, கடை மட்டும்தான் நடத்துகிறேன்' என்பதைப் போன்றது.

கையெழுத்தும் கைவிரிப்பும்

கணக்கை விற்கக் கூடாது என்பது பெரும்பாலான விளையாட்டு நிறுவனங்களின் விதி. 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறோம். "அதை யார் படிக்கிறார்கள்?" என்று சிரிக்கலாம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடு தொடங்கும் அத்தியாயத்தை ஓதுகிற நாம் அப்படிச் சிரிக்கலாமா? விதி அநியாயமாகத் தெரிந்தால் சம்மதிக்காமல் விலகும் உரிமை உண்டு. சம்மதித்துவிட்டு மறைவாக மீறும் உரிமை கிடையாது. அதிலும் மற்றொரு மோசடி நடக்கிறது. கணக்கை விற்றுப் பணம் வாங்கிய பிறகு, 'என் கணக்கைத் திருடிவிட்டார்கள்' என்று நிறுவனத்திடம் முறையிட்டுத் திரும்பப் பெற்றுக் கொள்கிறார்கள். விற்றதையே திருடுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்தச் சரக்கின் ஆயுளும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில் வால்வ் ஒரு மாற்றத்தைக் கொண்டு வந்தது. அதற்கு ஒரு படி கீழான தரப் பொருட்களைக் கொடுத்துக் கத்தியும் கையுறையும் பெறலாம் என்றது. அவ்வளவுதான்! அரிதாக இருந்தது அரிதல்லாமல் போனது. கத்திகளின் விலை சரிந்தது. சந்தையின் மொத்த மதிப்பில் நூறு கோடி டாலருக்கும் மேல் ஓரிரு நாளில் கரைந்தது. மழை பொய்த்ததாலோ, கப்பல் கவிழ்ந்ததாலோ அல்ல. ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் தட்டிய பொத்தானால்! இதை நம்பிக் கடன் வாங்குவதும், உம்மாவின் நகையை அடகு வைப்பதும், கடையின் முதலை எடுத்துப் போடுவதும் வியாபாரத் துணிவல்ல. முதலைத் தூக்கிப் பிறர் கையில் கொடுத்துவிட்டு நிற்பதாகும்.

என்ன செய்ய வேண்டும்?

நம் இளைஞர்களுக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியது. வேலைவாய்ப்புக் கதவுகள் பாதி மூடியிருக்கும் நிலையில், 2007இல் கிடைத்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு மட்டும் எல்லோரையும் கரை சேர்த்து விடாது. எனவே அவர்கள் புதுச் சந்தைகளைத் தேடிப் போவதைத் தடுக்க வேண்டும் என்பது நம் நோக்கமல்ல. போகிற இடத்தில் முஸ்லிம் வியாபாரியாகப் போக வேண்டும் என்கிறோம்.

இளைஞர்களே! வாங்கும் முன் மூன்றைக் கேளுங்கள். இது யாருடையது? எப்படிக் கிடைத்தது? இதன் நிலவரம் உனக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்விக்கு 'தெரியாது' என்று பதில் வந்தால், சந்தை விலையை நீங்களே சொல்லிவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். சிறுவர்களிடம் பெற்றோர் அறியாமல் வாங்காதீர்கள். திறக்காத பெட்டியைத் தொடாதீர்கள். விற்கத் தடையுள்ள கணக்கை வாங்காதீர்கள். கைக்கு வராத சரக்கை விற்காதீர்கள். விலையை ஏற்றிக் காட்ட நண்பனை விட்டுப் பொய்யாகக் கேட்க வைப்பது நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லித் தடுத்த காரியம். விற்றவன் மறுநாள் வந்து, "தெரியாமல் கொடுத்துவிட்டேன்" என்றால் திருப்பிக் கொடுங்கள். ஒட்டகக்காரனுக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த உரிமை அது. ஏற்கெனவே விவரம் அறியாத சிறுவனிடம் இப்படிப் பறித்திருந்தால், இன்றே தேடிப் போய் மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள். மறுமையில் கணக்குத் தீர்க்கப்படுவது நாணயத்தால் அல்ல, நன்மைகளால்!

வியாபாரப் பெரியவர்களே! 'காற்று வியாபாரம்' என்று ஒதுக்கிவிட்டு நீங்கள் நகர்ந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு வியாபார ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. எடை, அளவு, வாக்கு, தவணை ஆகியவற்றில் நீங்கள் கற்ற நேர்மையை அவர்களிடம் பேசுங்கள். உங்கள் மகனின் போனுக்குள் வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் இதுபற்றி ஒரு ஜுமுஆ உரைக்காவது ஏற்பாடு செய்யட்டும்.

நம் முன்னோர் கடல் கடந்து போன கரைகளில் எல்லாம் அவர்கள் சரக்குக்கு முன்பாக அவர்களின் நாணயம்தான் விலை போனது. சரக்கு மாறலாம், சந்தை மாறலாம், அந்த நாணயம் மாறக் கூடாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக!